பக்கத்து எண்ணின் சாட்சி

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணைப் பற்றிய பேச்சில் முதலிடம் பிடித்தது அதன் நீளம்தான். 136279841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கிற எண் அது. 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்று எழுதுவார்கள். விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். மலைப்பது இயல்புதான். ஆனால் இந்த நீளம் நாம் பத்துப் பத்தாக எண்ணப் பழகியதால் வந்த தோற்றம். இரும முறையில் எழுதினால் 136279841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. அதைவிடச் சலிப்பான எண்ணைக் கற்பனை செய்வது கடினம். பதின்ம வடிவில் அது 8816 என்று தொடங்கி 551 என்று முடிகிறது, இடையில் எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. இவையெல்லாம் உண்மைதான், ஆயினும் இவற்றில் எதுவும் அது பகா எண் என்பதைச் சொல்லவில்லை. அந்த ஒரே முக்கியமான குணத்தை நாம் எங்கிருந்து அறிந்தோம் என்று கேட்டால் விடை சற்று விசித்திரமாக இருக்கிறது. எண்ணுக்குள் புகுந்து பார்த்து அறியவில்லை. அதற்கு அடுத்து நிற்கும் எண்ணைப் பார்த்து அறிந்தோம். பெரிய பகா எண்களைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி அவற்றின் அண்டை எண்களைப் பற்றிய அறிவே என்பதுதான் நான் இங்கே முன்வைக்க விரும்பும் வாதம்.

பகா எண்ணின் வரையறை ஓர் இன்மையைச் சொல்கிறது: ஒன்றையும் தன்னையும் தவிர வேறு வகுத்தி இல்லாதது. இன்மையை நிரூபிப்பது எந்தத் துறையிலும் சிரமம். 91 பகு எண் என்று காட்ட 7, 13 என்ற இரண்டு எண்களை நீட்டினால் போதும். 97 பகா எண் என்று காட்ட அதன் வர்க்கமூலம் வரையுள்ள 2, 3, 5, 7 அனைத்தையும் சோதித்து ஒவ்வொன்றும் தோற்றதைச் சொல்ல வேண்டும். 1772-இல் ஆய்லர் 2³¹ − 1, அதாவது 2147483647, பகா எண் என்று காட்டினார். நேர்வழியில் போயிருந்தால் 46340 வரையுள்ள ஆயிரக்கணக்கான பகா எண்களால் வகுத்துப் பார்க்க நேர்ந்திருக்கும். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அது 248-இன் ஏதாவதொரு மடங்கைவிட 1 அல்லது 63 அதிகமாகத்தான் இருக்க முடியும் என்று அவர் முதலில் நிறுவினார். சோதிக்க வேண்டியவை நூற்றுக்குள் சுருங்கிவிட்டன. இங்கேயே அண்டை எண் எட்டிப் பார்க்கத் தொடங்குகிறது. காரணியைப் பற்றி ஆய்லருக்குக் கிடைத்த செய்தி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது 31-ஆல் வகுபடும் என்ற உருவில்தான் வந்தது. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகிற 6, 28 போன்றவற்றை நிறைவு எண்கள் என்பார்கள். ஆய்லரின் பகா எண்ணிலிருந்தும் அப்படியொன்று பிறக்கிறது. 1811-இல் பீட்டர் பார்லோ, இனி எவரும் கண்டுபிடிக்கப்போகிற நிறைவு எண்களில் இதுவே மிகப் பெரியதாக இருக்கும், பயனற்ற இவற்றுக்காக யாரும் இதற்கு மேல் மெனக்கெடப் போவதில்லை என்று எழுதினார். மனிதர்களின் மெனக்கெடலைப் பற்றிய அவர் கணிப்பு பொய்த்தது. வகுத்துப் பார்க்கும் வழி அதற்கு மேல் வெகுதூரம் போகாது என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல இடமிருந்திருக்காது.

பாரிஸ் துறவி மரின் மெர்சென் 1644-இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், இரண்டின் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் பகா எண் தரும் அடுக்குகள் என்று 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் ஐந்து பிழைகள். 67, 257 இரண்டும் இருக்கக்கூடாதவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பிழையான பட்டியலைத் தந்தவரின் பெயர்தான் இந்த வகை எண்களுக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. வரலாறு சில நேரம் தாராளமாக நடந்துகொள்கிறது. அவற்றில் முதல் பிழை வெளிப்பட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா இரண்டு காரியங்களைச் செய்தார். 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண் பகா எண் என்றார். 2⁶⁷ − 1 பகு எண் என்றார், ஆனால் அதன் ஒரு காரணியைக்கூடச் சொல்லவில்லை. முன்னது அடுத்த முக்கால் நூற்றாண்டு வரை முறியடிக்கப்படாத சாதனை. ஆனால் எனக்கு அதிக வியப்பைத் தருவது பின்னதுதான். ஒரு பொருள் உடையக்கூடியது என்று அதை உடைக்காமலேயே, எங்கே விரிசல் என்றும் தெரியாமலேயே, ஐயமறச் சொல்ல முடிகிறது. அந்த எண்ணின் காரணிகள் 193707721, 761838257287 என்பதை 1903 அக்டோபரில் ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் வெளியிட்டார். ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் இருக்கைக்குத் திரும்பினார், அரங்கமே கைதட்டியது என்று ஒரு கதை உண்டு. எரிக் டெம்பிள் பெல் சொல்லிப் பரவிய கதை அது. பெல்லின் கதைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. காரணிகளை நம்பலாம், யாரும் பெருக்கிப் பார்க்கலாம். இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் வருவது 67-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் வெவ்வேறு அறிவுகள் என்பது லூக்காவோடு முடிந்துபோன பழங்கதை இல்லை. 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷ − 1 பகு எண் என்பதில் சந்தேகமே கிடையாது. இவ்வளவு கணினிகள் பெருகிய பிறகும் அதன் ஒரு காரணிகூட யாருக்கும் அகப்படவில்லை. அப்படியானால் லூக்கா எதைப் பார்த்தார்? அவர் கண்ட வழியை 1930-இல் டெரிக் ஹென்றி லேமர் எளிமையாக்கினார், இன்று பயன்படுவது அந்த வடிவம். 4-இல் தொடங்க வேண்டும். அதை வர்க்கப்படுத்தி 2 கழிக்க வேண்டும். வருவதைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்தி 2 கழிக்க வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்தபின் பூஜ்யம் நின்றால் பகா எண், வேறு எது நின்றாலும் பகு எண். 31-ஐ, அதாவது 2⁵ − 1-ஐ, எடுத்துக்கொண்டால் 4, 14, பிறகு 194-இன் மீதி 8, பிறகு 62-இன் மீதி பூஜ்யம். மூன்றே படிகளில் முடிந்தது. 2047-ஐ, அதாவது 2¹¹ − 1-ஐ, எடுத்துக்கொண்டால் 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என்று போகிறது. ஒன்பதாம் படியில் 1736 நிற்கிறது. பூஜ்யம் வரவில்லை, ஆகவே பகு எண். 2047-இன் காரணிகளான 23, 89 இந்த வரிசையில் எங்கும் தலைகாட்டவில்லை.

இது ஏன் பலிக்கிறது என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நிதானிக்கலாம். தொடக்கத்தில் உள்ள 4 என்பது 2+√3, 2−√3 இரண்டின் கூட்டுத்தொகை. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிக்கும் ஒவ்வொரு படியும் இவ்விரண்டின் அடுக்கையும் இரட்டிப்பாக்குகிறது. ஒரு பகா எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போது எண்கள் முடிவின்றி வளர வழியில்லை. 2+√3-ஐத் தன்னோடு பெருக்கிக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் அது 1-க்குத் திரும்பியாக வேண்டும். எத்தனையாவது அடுக்கில் திரும்புகிறதோ அதைச் சுற்று நீளம் என்று வைத்துக்கொள்வோம். சோதனையின் முடிவில் பூஜ்யம் வந்தால், சுற்று நீளம் நம் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதல் என்று பொருள். இப்போது நம் எண் பகு எண் என்று எடுத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய பகாக் காரணி அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. அந்தக் காரணியால் வகுத்த மீதிகளில், ஒரு முழு எண்ணும் √3-இன் ஒரு மடங்கும் சேர்ந்த உறுப்புகள் மொத்தமே காரணியின் வர்க்க அளவுதான் இருக்க முடியும், அதாவது நம் எண்ணுக்கு மேல் போகாது. நம் எண்ணைவிடப் பெரிய சுற்று அதற்குள் அடங்குவது எப்படி? அடங்காது. ஆகவே அப்படியொரு காரணி இல்லை. வகுத்தி ஒவ்வொன்றையும் தேடித் தோற்க வேண்டியிருந்த இன்மை, ஒரு சுற்றின் நீளத்தை அளப்பதாக மாறிவிட்டது. ஆனால் சுற்றின் நீளம் இவ்வளவுதான், இதைவிடக் குறைவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த நீளத்தின் பகாக் காரணிகள் அனைத்தும் தெரிந்தால், சுற்று பாதியிலோ மூன்றில் ஒரு பங்கிலோ முடிந்துவிடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். தெரியாவிட்டால் முடியாது. மெர்சென் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் இரண்டின் வெறும் அடுக்கு வருகிறது. அதற்கு 2 என்ற ஒரே பகாக் காரணிதான். பாதி வழியில் ஒருமுறை நின்று பார்த்தால் போதும். மெர்சென் எண்களுக்கு இருக்கும் சலுகை முழுவதும் இதுதான். அண்டை எண் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் நடுவில் இருப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தாலும் இதே கதைதான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, ஒரு பகா எண்ணால் வகுத்த மீதிகளின் பெருக்கலில் சுற்று நீளம் அந்த எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணை வகுத்தாக வேண்டும். சரியாக அந்த ஒன்று குறைவான நீளமுள்ள சுற்று கிடைத்துவிட்டால் எண் பகா எண் என்பது நிரூபணமாகிறது. பிரான்சுவா புரோத் 1878-இல் இதை இரண்டின் அடுக்கை ஒரு சிறு எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டிய எண்களுக்குப் பொருந்தும் சோதனையாக்கினார். 2016-இல் கிடைத்த, தொண்ணூறு லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட 10223 × 2³¹¹⁷²¹⁶⁵ + 1 அந்த வழியில் வந்தது. 1975-இல் வாகன் பிராட் இன்னும் பொதுவாகச் சொன்னார்: ஒன்று குறைவான எண்ணின் காரணிகளை யாராவது தந்துவிட்டால், எந்தப் பகா எண்ணுக்கும் ஒரு குறுகிய சான்றிதழ் எழுதிவிடலாம். தந்துவிட்டால் என்ற நிபந்தனையில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. சாதனைப் பட்டியல்களின் உச்சியில் இருக்கும் எண்களைப் பாருங்கள்: அடுக்கைவிட ஒன்று குறைவு அல்லது ஒன்று கூடுதல் என்ற உருவமே திரும்பத் திரும்ப வரும். பகா எண்களுக்கு அந்த உருவத்தில் பிரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிரியம் நம் சோதனைகளுக்கு.

பெயர் சொல்ல முடிந்த இந்தச் சிலவற்றோடு, இருக்கின்றன என்று மட்டும் தெரிந்த மற்றவற்றை ஒப்பிட்டால் இடைவெளியின் அளவு புரியும். ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையில் ஒரு பகா எண் உண்டு என்பதைச் செபிஷெவ் 1852-இல் நிரூபித்தார். 1919-இல் இராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இரண்டே பக்கங்களில் அதற்கு வேறொரு நிரூபணம் தந்தார். அதோடு நிற்காமல், ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்று, நான்கு என்று எத்தனை பகா எண்கள் கேட்டாலும், ஓர் எல்லைக்கு மேல் அத்தனையும் அந்த இடைவெளியில் கட்டாயம் இருக்கும் என்றும் காட்டினார். ஆகவே 2024-இன் எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவே பகா எண்கள் இருப்பது உறுதி. எத்தனை என்றால், அந்த வட்டாரத்தில் சராசரியாகச் சுமார் 9.4 கோடி எண்களுக்கு ஒன்று பகா எண். 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்கள் எத்தனை என்ற எண்ணிக்கையை எழுதவே நான்கு கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் தேவைப்படும். அவற்றில் அன்று நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இத்தனை இலக்கம் கொண்ட ஒரு பகா எண்ணைக் கொடு என்று கேட்டால் நியாயமான நேரத்தில் நிச்சயமாகக் கொண்டுவந்து நிறுத்துகிற வழிமுறை இன்றுவரை யாரிடமும் இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பித் தேடுவதுதான் நடப்பு. இராமானுஜனின் இரண்டு பக்கங்கள் இருப்பை அளிக்கின்றன, முகவரியை அளிப்பதில்லை.

என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது கான்பூரிலிருந்து வருகிறது. 2002 ஆகஸ்டில் அங்குள்ள ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணையும், அதன் உருவம் என்னவாக இருந்தாலும், பகா எண்ணா என்று உறுதியாகவும் விரைவாகவும் சொல்லும் வழிமுறையை வெளியிட்டார்கள். விரைவு என்பதற்கு இங்கே கறாரான பொருள்: இலக்கங்கள் பெருகும்போது வேலை அவற்றின் ஒரு நிலையான அடுக்கைத் தாண்டிப் பெருகாது. அண்டை எண்ணின் காரணிகள் அதற்குத் தேவையே இல்லை. அப்படியிருக்க அண்டை எண்ணின் வழியாகத்தான் அறிகிறோம் என்று நான் எப்படிச் சொல்லலாம்? கோட்பாட்டளவில் இந்த மறுப்பு முழுச் சரி. அந்தக் கட்டுரையின் அழகும் அதுதான், மூன்று பேரும் கைக்கொண்ட கருவிகள் பெரும்பாலும் பட்டப்படிப்பு மாணவருக்கு எட்டக்கூடியவை. ஆனால் நான் பேசுவது அறிய முடிவதைப் பற்றி இல்லை, அறிந்திருப்பதைப் பற்றி. பின்னர் மேம்படுத்தப்பட்ட வடிவத்திலும் இந்த முறையின் வேலை இரும இலக்கங்களின் ஆறாம் அடுக்கை ஒட்டி வளர்கிறது. 13.6 கோடி இரும இலக்கங்களின் ஆறாம் அடுக்கு 49 இலக்க எண். லூக்கா வழியில் வேலை இரண்டாம் அடுக்கைச் சற்றே தாண்டுகிறது, பதினெட்டு இலக்கங்களின் பக்கம். முதலாவது எந்த இயந்திரத்துக்கும் எட்டாது. இரண்டாவது நடந்து முடிந்தது. சாதனைப் பட்டியலில் உள்ள எந்த மாபெரும் பகா எண்ணும் கான்பூர் வழியில் அங்கே வந்து சேரவில்லை.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. தனி உருவம் இல்லாத எண்களையும் நடைமுறையில் நிரூபிக்கிறார்களே, எலிப்டிக் வளைவரைகளைக் கொண்டு? உண்மைதான். ஷஃபி கோல்ட்வாசரும் ஜோ கிலியனும் 1986-இல் தொடங்கி, ஆட்கினும் மொரைனும் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழி அது. 86453 ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் பகா எண் என்பது 2023-இல் அந்த வழியில்தான் உறுதியானது. ஆனால் அந்த வழிக்குள் போய்ப் பார்த்தால் நம் பழைய நண்பர் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு எலிப்டிக் வளைவரையும் ஒரு குலத்தை, அதாவது தமக்குள் சேர்த்துக் கணக்குப் போடக்கூடிய உறுப்புகளின் கூட்டத்தை, தருகிறது. அதன் உறுப்புகளின் எண்ணிக்கை, எடுத்துக்கொண்ட எண்ணுக்கு மிக அருகில், அதன் வர்க்கமூலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் விழும் என்று ஹாஸே காட்டியிருக்கிறார். வளைவரையை மாற்றினால் எண்ணிக்கையும் மாறும். ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்ற இரண்டு அண்டை எண்களும் காரணி சொல்ல மறுத்தால், கொஞ்சம் தள்ளியிருக்கிற ஏராளமான எண்களில் காரணி சொல்லச் சம்மதிக்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். பக்கத்து வீட்டில் பதில் இல்லையென்றால் தெருக்கோடி வரை விசாரிப்பது மாதிரி. விசாரணையின் முறை மாறவில்லை, தெரு நீண்டிருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு: இந்த வழியில் எட்டிய சாதனைகள் ஒரு லட்சம் இலக்கங்களைச் சுற்றியே நிற்கின்றன. நான்கு கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே.

அப்படியானால் நீ பகா எண்களைப் பற்றிப் பேசவில்லை, நம் கருவிகளின் குறையைப் பற்றிப் பேசுகிறாய் என்று ஒருவர் கேட்கலாம். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த மாபெரும் பகா எண்களை வைத்துக்கொண்டு பகா எண்கள் பொதுவாக இப்படித்தான் என்று யாராவது முடிவுகட்டினால் அது தவறு. அவை சோதனைக்கு வசதியாகப் பொறுக்கியெடுத்த கூட்டம். ஆனால் அண்டை எண்ணுக்கும் பகா எண்ணுக்கும் உள்ள உறவு நம் கருவிகளின் கற்பனை இல்லை. வேறொரு திசையிலிருந்து அதற்குச் சாட்சி இருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை வெளியிட்டு, காரணிகளை மறைத்து வைக்கிறார்கள். பரவலான 2048 பிட் சாவியில் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் முந்நூறு இலக்கங்களுக்குச் சற்று அதிகம். 1974-இல் ஜான் பொல்லார்ட் காட்டினார்: மறைந்திருக்கும் காரணியில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் சிறிய பகா எண்களால் மட்டும் ஆனதாக இருந்தால், மறைப்பை எளிதாகக் கலைத்துவிடலாம். 1982-இல் ஹ்யூ வில்லியம்ஸ் ஒன்றைக் கூட்டினால் வருவதற்கும் இதையே காட்டினார். நிரூபிக்க உதவிய அதே தெளிவு இங்கே காட்டிக்கொடுக்கிறது. மெர்சென் பகா எண்களைச் சாவியாக்க நினைப்பவர் யாரும் இல்லை. ஊரறிந்தது ரகசியமாகாது என்பது ஒரு காரணம் என்றால், ஊரறியாவிட்டாலும் அதன் அண்டை எண் அதைக் கைவிட்டுவிடும் என்பது இன்னொன்று. சாவிக்கான எண்கள் பெரும்பாலும் கறாரான நிரூபணம் இல்லாமல், மில்லர்–ராபின் சோதனையில் பலமுறை தேறியதால் ஏற்கப்படுபவை. அந்தச் சோதனையும் முதல் வேலையாக ஒன்றைக் கழித்து, மிஞ்சியதில் எத்தனை இரண்டுகள் அடங்கியிருக்கின்றன என்றுதான் பார்க்கிறது. பகா எண்களுக்கு முடிவில்லை என்ற யூக்ளிடின் பழைய வாதமும் தெரிந்த பகா எண்களைப் பெருக்கி அதற்கு அடுத்த எண்ணிடம் போய் நிற்பது நினைவுக்கு வருகிறது.

பயன் என்ன என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 2¹⁹⁹³⁷ − 1 ஒரு புகழ்பெற்ற சமவாய்ப்பு எண் நிரலுக்கு அடிப்படை; 2⁵²¹ − 1 ஒரு மறையாக்கத் தரத்தில் இருக்கிறது. மெர்சென் எண்களைத் தேடும் நிரல் 2016-இல் இன்டெல் செயலி ஒன்றின் கோளாற்றை அம்பலப்படுத்தியது. நான்கு கோடி இலக்க எண்ணுக்கு அப்படியொரு வேலை தேடிக் கொடுத்து அதைக் காப்பாற்ற நினைப்பது அதற்கு இழைக்கும் அவமரியாதை என்பது என் எண்ணம்.

அதைவிடக் கவனிக்க வேண்டிய கேள்வி, இதை அறிந்தது யார் என்பது. 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு வரைகலைச் செயலி, எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிவித்தது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா–லேமர் சோதனையை ஓட்டி முடித்து உறுதிசெய்தது. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டுத் தேடலில் பங்கேற்ற லூக் டுரான்ட் இவற்றை வாடகைக்கு எடுத்து இயக்கியவர். 13 கோடியே 62 லட்சத்துக்கும் அதிகமான வர்க்கப்படுத்தல்களை எந்த மனிதரும் பின்தொடரவில்லை. இதே தேடலில் 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1 என்ற எண்ணை ஓர் இயந்திரம் 2015 செப்டம்பரில் கண்டு சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை மனிதர்கள் கவனித்தது 2016 ஜனவரியில். இடைப்பட்ட மாதங்களில் அது அறியப்பட்ட எண்ணா, அறியப்படாத எண்ணா? இயந்திரத்தை நம்பினால் அது எப்படி நிரூபணமாகும் என்று கேட்பவர்களுக்கு லூக்காவின் வழி எதிர்பாராத ஒரு பதிலை வைத்திருக்கிறது. நடுவில் எங்கேயாவது ஒரு இலக்கம் பிசகினால் முடிவில் நிற்பது ஏதோவொரு குப்பை மீதி. நான்கு கோடி இலக்கமும் பூஜ்யமாக நிற்பது தற்செயலாக நடக்கிற காரியம் அல்ல. எனவே பகா எண் என்ற தீர்ப்பு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. பகு எண் என்ற தீர்ப்புக்குத்தான் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிழையால் வந்த மீதியும் சரியான மீதியும் பார்வைக்கு ஒன்றே. தேடல்காரர்கள் இரட்டைச் சரிபார்ப்புக்கும், ராபர்ட் கெர்பிச் வகுத்துக் கொடுத்த பிழை காணும் முறைக்கும் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது அதனால்தான்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே தொந்தரவு தருகிற எண் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2-இலிருந்து தொடங்கி, கையில் உள்ள எண்ணை அடுக்காக வைத்து மெர்சென் எண்ணை எழுதிக்கொண்டே போனால் 2, 3, 7, 127, 2¹²⁷ − 1 என்று வரும். ஐந்தும் பகா எண்கள். லூக்கா ஐந்தாவதை நிரூபித்த 1876-இலேயே யூஜின் கட்டலான் இந்த வரிசையைச் சுட்டிக்காட்டினார். ஆறாவது, 2¹²⁷ − 1-ஐ அடுக்காகக் கொண்ட மெர்சென் எண். அதன் அண்டை எண் இரண்டின் அடுக்கு, அதைவிடத் தெளிவானது இருக்க முடியாது. சோதனை தயார், தேற்றம் தயார். ஆனால் வர்க்கப்படுத்த வேண்டிய தடவைகள் 39 இலக்க எண். எண்ணின் இலக்கங்களின் எண்ணிக்கையே 38 இலக்கங்களில் வருகிறது, எழுதி வைக்க உலகில் இடமில்லை. அண்டை எண் வாய் திறந்து பேசினாலும் கேட்டு முடிக்க நமக்கு ஆயுள் போதாது. மிஞ்சியிருப்பது ஆய்லர் காலத்து வழிதான்: காரணி இருந்தால் அது 2¹²⁷ − 1-இன் ஓர் இரட்டைப்படை மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும் என்பதால், அப்படிப்பட்ட எண்களைச் சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை எதுவும் வகுக்கவில்லை. அது பகு எண்ணாக இருந்தால் ஒரு காரணி சிக்கி என்றைக்காவது ஒரு நாள் வழக்கு முடிந்துவிடக்கூடும். பகா எண்ணாக இருந்தால் அதை நிரூபிக்க இன்று தெரிந்த வழி எதுவும் இல்லை.